வக்கீல் அல்லாதவர் சட்டம் பேசினால் குற்றமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருக்கிறார். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தகவல் உரிமை மனு என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்து நூறோ இருநூறோ வாங்கிக்கொள்கிறார். அவரை ஒருவர், "லைசென்ஸ் இல்லாமல் வக்கீல் வேலை பார்க்கிறாய், ஆறு மாசம் உள்ளே வைத்துவிடுவேன்" என்று மிரட்டியிருக்கிறார். இது ஒன்று. இன்னொன்று உங்கள் சித்தப்பா விஷயம். பாகப்பிரிவினை வழக்குக்காகக் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக 80,000 ரூபாய் கொடுத்திருக்கிறார், இரண்டு வருஷம் கழித்து அந்த ஆள் வக்கீலே இல்லை என்று தெரியவந்திருக்கிறது. இருவரையும் ஒரே சட்டம்தான் பிடிக்குமா, சித்தப்பா இப்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 18 வருஷமாகத் தென் மாவட்டக் கோர்ட்டுகளில் வக்கீலாக இருக்கிறேன். சிவில் வழக்குகள்தான் அதிகம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சட்டம் ஒன்றுதான், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். ஆனால் அந்தப் பெரியவரும் சித்தப்பாவிடம் பணம் வாங்கியவரும் அதற்கு முன்னால் ஒரே தட்டில் நிற்பவர்கள் இல்லை. 29-ஆம் பிரிவு, இந்த நாட்டில் வழக்குத் தொழில் செய்ய ஒரே ஒரு வகுப்பாருக்குத்தான் உரிமை, அவர்கள் அட்வகேட்டுகள் என்கிறது. 33-ஆம் பிரிவு, வக்கீல்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சிலின் பட்டியலில் பெயர் பதிந்தவரைத் தவிர வேறு யாரும் எந்த நீதிமன்றத்திலும், எந்த அதிகாரி முன்பும் வழக்குத் தொழில் செய்ய முடியாது என்கிறது, ஆனால் இந்தச் சட்டமோ வேறு சட்டமோ விலக்கு கொடுத்திருந்தால் தவிர என்று அதிலேயே ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறது. அதை மீறினால் 45-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை. மிரட்டியவர் சொன்ன ஆறு மாசம் இங்கிருந்து வந்ததுதான்.

இந்த 'ஒரே வகுப்பு' என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும். வெள்ளைக்காரன் காலத்தில் வழக்குத் தொழிலில் ஏகப்பட்ட படிகள். லண்டனில் படித்து வந்த பாரிஸ்டர், ஹைகோர்ட் வக்கீல், ஜில்லாவில் வாதாடும் பிளீடர், வடக்கே முக்தியார், வருவாய்த்துறை அலுவலகங்களுக்கென்று ரெவின்யூ ஏஜெண்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை, ஒரு சன்னது, அதாவது உரிமப் பத்திரம். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் 'பிளீடர் ஐயா' என்று கூப்பிடுவது அந்தக் காலத்து மிச்சம். 1961 சட்டம் இந்த அடுக்குகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே பட்டியல், ஒரே பெயர் என்று ஆக்கியது. உள்ளே இருக்கும் உயர்வு தாழ்வை ஒழிக்கத்தான் முதலில் அந்த வரி எழுதப்பட்டது. வெளியில் இருப்பவர்களைத் தடுப்பது அதோடு கூடவே வந்தது. 'பதிந்தவர் எந்தக் கோர்ட்டிலும் போய் நிற்கலாம்' என்று உரிமை தரும் 30-ஆம் பிரிவு சட்டம் வந்து ஐம்பது வருஷம் கழித்து, 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தடுக்கிற பிரிவுக்கு இருந்த அவசரம் கொடுக்கிற பிரிவுக்கு இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, பெரியவர் விஷயத்துக்கு வருவோம். 45-ஆம் பிரிவில் இருக்கும் குற்றம், உரிமையில்லாமல் 'நீதிமன்றத்திலோ அதிகாரி முன்போ தொழில் செய்வது'. உங்கள் பெரியவர் யாருக்காகவும் எங்கேயும் போய் நிற்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போடுவது மனுதாரர், கொண்டுபோய்க் கொடுப்பதும் மனுதாரர். எங்கள் மாவட்டத்தில் திங்கள்கிழமை காலை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்து பாருங்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிறவர்களை எதிர்பார்த்து, வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் அட்டை, அதன்மேல் கோடு போட்ட தாள் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அம்மா வந்து, மகன் சாப்பாடு போடுவதில்லை என்பதில் தொடங்கி மருமகள், வீடு, மாடு எல்லாவற்றையும் சொல்லி அழுவார். எழுதுகிறவர் பாதியில் நிறுத்தி, "அம்மா, வீடு யார் பேரில் இருக்கு, எழுதிக் கொடுத்துட்டீங்களா, இன்னும் இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். மனு அந்த இடத்தில்தான் உருவாகிறது. எது கதை, எது கோரிக்கை என்று பிரித்துத் தருகிற வேலை அது, அதைச் செய்கிறவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆவண எழுத்தர் உரிம விதிகள் 1982-லிருந்து தனியாக இருக்கின்றன, அது வேறு கணக்கு. பெரியவர் கிரயப் பத்திரம், தானப் பத்திரம் என்று எழுதிப் பணம் வாங்க ஆரம்பித்தால் அந்த விதிகள் குறுக்கே வரும். பட்டா மனுவுக்கும் தகவல் உரிமைக்கும் வராது.

ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். வீட்டு வாசலில் 'சட்ட ஆலோசகர்' என்று போர்டு மாட்ட வேண்டாம். யார் கேட்டாலும் "கோர்ட் விஷயத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. காரணம் இருக்கிறது. வெறும் ஆலோசனையும் 'வழக்குத் தொழில்' ஆகுமா என்ற கேள்வி நம் ஊரிலிருந்தே சுப்ரீம் கோர்ட் வரை போனது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே வந்து ஓட்டலில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசிவிட்டுப் போகலாமா என்று ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2012-இல் இங்கே தீர்ப்பு, 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இதற்கு முன்பே 2009-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றது: வழக்குத் தொழில் என்பது கோர்ட்டில் வாதாடுவது மட்டும் இல்லை, ஆலோசனை சொல்வது, ஒப்பந்தம் தயாரிப்பது, கருத்துரை எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டு வக்கீல் தன் நாட்டுச் சட்டத்தைப் பற்றி எப்போதாவது வந்து சொல்லிவிட்டுப் போகலாம், அதையே தொடர்ச்சியான தொழிலாக வைத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2023-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா பதிவின் பேரில் அவர்களைக் குறிப்பிட்ட வேலைகளுக்கு அனுமதிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது, அது பெரிய கம்பெனிகள் பாடு.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு டீக்கடையில் சட்டம் பேசுகிறவரைக் கூட உள்ளே தள்ளலாம் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. 29-ஆம் பிரிவு தொழில் யாருக்கு உரியது என்று சொல்கிறது, தண்டிக்கிற 45-ஆம் பிரிவோ 'நீதிமன்றத்தில், அதிகாரி முன்பு' என்ற சொற்களோடு நிற்கிறது. தண்டனைப் பிரிவை இழுத்து நீட்டி வாசிக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லித்தரும் பாடம். இங்கிலாந்தில் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள், 2007 சட்டத்தின்படி நீதிமன்றத்தில் வாதாடுவது, வழக்கு நடத்துவது மாதிரி ஆறு வேலைகள் மட்டும் உரிமம் பெற்றவருக்கு, சாதாரண ஆலோசனையும் உயில் எழுதிக் கொடுப்பதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பல இடங்களில் படிவத்தை நிரப்பிக் கொடுத்து 'இதைப் போடுங்கள்' என்று சொன்னாலே வழக்கு வரலாம். நாம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம், அதனால்தான் போர்டு மாட்ட வேண்டாம் என்கிறேன்.

வக்கீல் இல்லாதவர் சட்டப்படியே போய் நிற்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன, இது பலருக்குத் தெரிவதில்லை. நம் வழக்கை நாமே நடத்தலாம், அதற்கு யாருடைய உரிமமும் வேண்டாம். 32-ஆம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட வழக்கில் பதிவில்லாத ஒருவர் ஆஜராக நீதிமன்றமே அனுமதி தரலாம். 1978-இல் ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைத்தான் விளக்கினார். கட்சிக்காரர், அதாவது வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர், தனக்காகப் பேச ஒரு நண்பரை அழைத்துவரலாம், ஆனால் அது அவருடைய உரிமை இல்லை, அனுமதி கேட்க வேண்டும், வருகிறவர் எப்படிப்பட்டவர், இவருக்கு என்ன வேண்டும், ஏன் வக்கீல் வைக்க முடியவில்லை என்றெல்லாம் கோர்ட் பார்க்கும். தொழில் தகராறு என்றால் நிலைமை தலைகீழ் (2025 நவம்பர் வரை 1947 சட்டத்தின் 36-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு): தொழிற்சங்கத் தலைவர் தொழிலாளிக்காகத் தாராளமாக வாதாடலாம், வக்கீல் வர வேண்டுமென்றால்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். சட்டப் படிப்பே இல்லாத சங்கத் தோழர்கள் ஸ்டாண்டிங் ஆர்டரை, அதாவது ஆலையின் வேலை விதிகளை, வரிவரியாக மனப்பாடமாகச் சொல்லி வாதாடியதை ஜூனியராக இருந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கே கிடைத்தது. நுகர்வோர் மன்றத்திலும் அப்படித்தான். வக்கீல் அல்லாத முகவர் ஆஜராகலாம் என்று 2011-இல் சி.வெங்கடாசலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2014-இல் அதற்கு ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. வருமான வரி அலுவலகத்தில் ஆடிட்டர் நிற்பதற்கு வரிச் சட்டமே இடம் தருகிறது. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது கட்சிக்காரரின் உரிமையாகவே சொல்லப்படவில்லை, கோர்ட் விரும்பினால் அனுமதிக்கும்.

இதிலே நம் ஆட்கள் அடிக்கடி தடுமாறி விழுகிற பள்ளம் ஒன்று உண்டு: பவர். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான், இங்கே மாமாவுக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருப்பான். மாமா அதை நீதிபதி முன் நீட்டி, "என் மருமகனுக்காக நானே பேசுகிறேன்" என்பார். பவர் வைத்திருப்பவர் வழக்கைத் தாக்கல் செய்யலாம், கையெழுத்துப் போடலாம், வக்கீல் நியமிக்கலாம். ஆனால் எழுந்து நின்று வாதாட முடியாது, 32-ஆம் பிரிவு அனுமதி இருந்தால் தவிர. கோவா ஆன்டிபயாட்டிக்ஸ் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி முடித்துவிட்டது. அதேபோல, மகனுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி மாமா கூண்டேறிச் சாட்சியும் சொல்ல முடியாது. இது தெரியாமல் நாலு வாய்தா வீணாக்கிவிட்டு வருகிறவர்களை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இனி சித்தப்பா விஷயம். இதைப் பற்றி எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் என் ஐந்தாவது வருஷத்தில் இப்படி ஒரு அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் 23 துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதியும் தொகையும் பேனாவால் எழுதி, கீழே ஒரு கிறுக்கல். பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, வழக்கு எண் இல்லை. "வக்கீல் ஐயா வாய்தாவுக்கு வாய்தா கேஸ் நமக்குச் சாதகமாப் போகுதுன்னுதாம்மா சொன்னார்" என்றார். அந்த அம்மாவை எதிர்த்துப் பக்கத்து நிலத்துக்காரர் போட்ட வழக்கு அது. நான் கோர்ட்டின் வழக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது ஒரு தரப்பு வராததால் அவருக்கு எதிராகத் தீர்ப்பு, ஆகி 412 நாள் ஆகியிருந்தது. அவர் சார்பில் யாரும் வக்காலத்தே (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) போடவில்லை, ஒரு நாள் கூட யாரும் ஆஜராகவும் இல்லை. அந்த ஆள் கோர்ட் வளாகத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார், இந்த அம்மாவை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடுத்த தேதி என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, அந்த 23 சீட்டுகளையும் ஆவணமாகக் காட்டி, செலவுத்தொகை கட்டி, வழக்கை மறுபடி உயிர்ப்பிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. நிலம் கடைசியில் அவர் கையில்தான் இருக்கிறது. அந்த ஒன்றரை வருஷமும் ராத்திரி தூக்கம் இல்லை என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆட்கள் பல வகை. பட்டமே இல்லாதவர் ஒரு வகை. பி.எல். என்ற சட்டப் படிப்பை முடித்து, ஆனால் பார் கவுன்சிலில் பதியாதவர் இன்னொரு வகை. பட்டம் வாங்கிய உடனே அட்வகேட் ஆகிவிட முடியாது, பதிவு ஆக வேண்டும், வக்கீல்களுக்கான அகில இந்தியத் தேர்விலும் தேற வேண்டும். பதிவுக்கே சில மாநிலங்களில் பத்தாயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அப்புறம், ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் ஆகியும் கோட்டைக் கழற்றாதவர்கள். இன்னும் மோசமான வகை, உயிரோடு இருக்கும் வேறொரு வக்கீலின் பதிவு எண்ணைத் திருடி எழுதுகிறவர்கள். கேரளாவில் ஆலப்புழையில் 2021-இல் அப்படி ஒருவர் அம்பலமானார். வேறொருவர் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் தொழில் செய்து, வழக்கறிஞர் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்து நிர்வாகத்திலும் உட்கார்ந்திருந்தார். சக வக்கீல்களுக்கே தெரியாதபோது கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க வக்கீல்களின் பட்டங்களைச் சரிபார்க்க ஓய்வு பெற்ற நீதிபதி பி.எஸ்.சௌகான் தலைமையில் குழுவே போட வேண்டி வந்தது.

வக்கீல் குமாஸ்தாக்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வழக்குக்கு நம்பர் வாங்க ஓடுவது, காப்பி அப்ளிகேஷன் போடுவது, திருப்பி அனுப்பிய வழக்கைத் திருத்திக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலைதான், அவர்களுக்கென்று தமிழ்நாட்டில் நலநிதிச் சட்டமே இருக்கிறது. அவர் வாதாடாதவரை, 'நான்தான் வக்கீல்' என்று சொல்லாதவரை எந்தத் தப்பும் இல்லை.

தரகர் கதை வேறு. பஸ் ஸ்டாண்டிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஆள் பிடித்து வக்கீலிடம் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்குகிறவர்களைத் தடுக்க 1879-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சமீபம் வரை உயிரோடு இருந்தது. 2023 திருத்தச் சட்டத்தின் மூலம் அதை நீக்கிவிட்டு வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே 45-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மாவட்ட நீதிபதியோ கலெக்டரோ தரகர் பட்டியல் வெளியிடலாம், பட்டியலில் இருந்துகொண்டே தரகு வேலை செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் காலத்தில் 500 ரூபாய் யாரைத் தடுக்கும்?

45-ஆம் பிரிவும் இதே மாதிரி பல் இல்லாததுதான். ஆறு மாதம் வரை மட்டும் என்பதால் அது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாத வகைக் குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வர வேண்டும், ஜாமீனும் உடனே கிடைக்கும். ஸ்டேஷனில் இந்தப் பிரிவை மட்டும் சொன்னால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள், அதில் அவர்கள் மீது முழுத் தப்பும் இல்லை. அதனால் சித்தப்பா புகாரில் ஏமாற்றுதலும் ஆள்மாறாட்டமும் தெளிவாக வர வேண்டும். பணம் கொடுத்தது 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் பழைய தண்டனைச் சட்டம் 419, 420. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318, 319. இதில் 318(4)-க்கு ஏழு வருஷம் வரை. பொய் ஆர்டர், பொய் முத்திரை ஏதாவது காட்டியிருந்தால் போலி ஆவணப் பிரிவுகளும் சேரும். ஏமாற்றிப் பணம் வாங்கியது, ஆள்மாறாட்டம் இரண்டிலும் போலீஸ் நேரடியாகவே வழக்குப் பதியலாம். 45-ஆம் பிரிவின் தண்டனையைக் கூட்டும் யோசனையும் இருந்த வரைவு மசோதா ஒன்றை 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்டது, ஆனால் அதோடு பார் கவுன்சிலின் சுதந்திரத்தில் கை வைக்கும் பிரிவுகளும் இருந்ததால் நாடெங்கும் வக்கீல்கள் எதிர்த்தார்கள், வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதிர்த்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் போலிகளுக்கான தண்டனையும் அதோடு சேர்ந்து கிடப்பில் போனதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அது மட்டும் போதாது. 35-ஆம் பிரிவில் பார் கவுன்சில் தண்டிக்க முடிவது தன் பட்டியலில் இருக்கும் வக்கீலை மட்டும்தான். இந்த ஆள் பட்டியலிலேயே இல்லை என்றால் அவர்கள் கையில் பிரம்பு இல்லை. அவர்களிடமிருந்து உங்களுக்கு வேண்டியது வேறு: இந்தப் பெயரில், இந்த எண்ணில் யாரும் பதியவில்லை, அல்லது இந்த எண் வேறொருவருடையது என்று எழுத்தில் ஒரு பதில். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தருவார்கள். தெருப் பெரியவரையே எழுதித் தரச் சொல்லுங்கள், அவருக்குக் கைவந்த வேலை. அந்தப் பதில் கையில் இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு மாறும்.

ஆனால் அவரைத் தண்டிப்பதற்கு முன்னால் வழக்கைப் பிடியுங்கள், அதுதான் அவசரம். ஈ-கோர்ட்ஸ் செயலியில் சித்தப்பா பெயரையும் எதிர்த்தரப்புப் பெயரையும் போட்டுத் தேடுங்கள், வழக்கு உண்மையிலேயே இருந்தால் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்) வரும், எந்தக் கோர்ட், எந்தக் கட்டம், கடைசி வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் அதில் இருக்கும். அப்படி எதுவும் வரவில்லை என்றால் அநேகமாக வழக்கே போடப்படவில்லை. பாகப்பிரிவினையில் அதுகூட ஓரளவு சமாளிக்கக்கூடியது, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், இதற்குள் சொத்தை யாராவது விற்றிருக்கிறார்களா என்று முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வழக்குப் போட்டு ஆஜராகாமல் தள்ளுபடி ஆகியிருந்தால் மீட்பதற்கும் அதே 30 நாள்தான், தாண்டியிருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும், நாள் ஏற ஏற அந்த மனு கனமாகிக்கொண்டே போகும். வக்காலத்தில் யார் கையெழுத்து, என்ன பதிவு எண் என்று கோர்ட்டில் வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் உண்மையான வக்கீல் ஒருவரே இந்த ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அப்படியென்றால் அந்த வக்கீல் மீது 35-ஆம் பிரிவு புகார் நன்றாகவே நிற்கும்.

மூலப் பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் இருந்தால் புகார் கொடுப்பதற்கு முன் எப்படியாவது வாங்கப் பாருங்கள், சண்டை போடாமல், 'பாங்க் லோனுக்கு வேண்டும்' என்றாவது சொல்லி. பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகார் வேண்டாம் என்று அவர் இறங்கி வந்தால், பத்திரம் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஜிபே, பாங்க் மூலம் போன தொகைகளுக்கு ஸ்டேட்மெண்ட் எடுங்கள். வாட்ஸப்பில் 'அடுத்த வாய்தா 14-ஆம் தேதி' என்று அவர் அனுப்பியது போன்ற செய்திகள் இருந்தால் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம், தன்னை வக்கீல் என்று அவரே காட்டிக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி கிடைக்காது.

இன்னொரு வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை என்று சித்தப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 1987 சட்டத்தின்படி இலவசமாக வக்கீல் தருவார்கள். வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும், ஆனால் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். சித்திக்கும் அந்தச் சொத்தில் பங்கு இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பம் போடலாம். அங்கே வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிற சட்டத் தன்னார்வலர்களும் வக்கீல்கள் இல்லை, அரசே பயிற்சி கொடுத்து உட்கார வைத்தவர்கள். உங்கள் தெருப் பெரியவரை யாராவது மறுபடி மிரட்டினால் அவர்களைத்தான் காட்டச் சொல்லுங்கள்.

போகும்போது சித்தப்பா கையில் இருக்கும் சீட்டு, பத்திர நகல், சம்மன் எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எது பயன்படும் என்று பார்க்கும் வக்கீல் சொல்லட்டும். அப்படியே புது வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது, அதில் வக்கீலின் பெயருக்குக் கீழே பதிவு எண்ணும் வருஷமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, கையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வக்கீலும் அதற்காகக் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.